இடப்பக்கத் தையல்

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கடற்கரைச் சாலை முடிகிற கலங்கரை விளக்கம் வரைக்கும் போகப்போகிறேன் என்று சொன்னேன். வங்கியில் காசாளராக இருக்கும் என் பழைய மாணவி, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்: "சைக்கிள்ல போறது சரி டீச்சர். பொழுது சாஞ்சா யார் வீட்டுல படுப்பீங்க?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்வியை வகுப்பில் யாராவது கேட்டால் "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லித் தப்பிப்பது என் வழக்கம். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்தக் கடிதங்களில் இருக்கிறது. அவள் கேட்காத கேள்வி ஒன்றுக்கும் பதில் இருக்கிறது.

படிப்பதற்கு முன் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். என் தம்பி லாரிகளுக்குத் தார்ப்பாயும் சீட்டு உறையும் தைக்கிறவன். பயணம் எங்கள் இருவருக்குமாகத் திட்டமிட்டது. அதற்கு முந்தைய வருடம் சைக்கிளில் வேலை முடிந்து வரும்போது ஒரு லாரி அவனை உரசிப் பள்ளத்தில் தள்ளியது. கால் எலும்பு முறிந்து, கூடிவிட்டது. தாராளமாக மிதிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் தம்பி அதன் பிறகு தெருமுனையைத் தாண்டவில்லை. படுக்கையில் கிடந்தபோது வரைபடத்தைச் சுவரில் ஒட்டியவன் அவன்தான். இரண்டு பேர் படுக்கிற கூடாரத்தைத் தைத்தவனும் அவன்தான். கிளம்புகிற அன்று காலையில் இரண்டு சைக்கிளிலும் மூட்டைகளைக் கட்டினான். பிறகு தன்னுடையதை மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கீழே வைத்தான்.

"முட்டி வலிக்குதுக்கா. நீ போ. போகலைன்னா உன்கூடப் பேச மாட்டேன்."

முட்டி வலிக்கவில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

போனை வேண்டுமென்றேதான் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். போனில் என் தம்பி "ம்", "சரி", "வெச்சிரட்டா" என்பதற்கு மேல் பேச மாட்டான். தாளும் பேனாவும் கிடைத்தால் வாய் ஓயாது. அடுத்த பெரிய ஊரின் தபால் அலுவலகத்தில் என் பெயருக்கு வைத்திருக்கும்படி எழுதுவது என்று ஏற்பாடு.

*

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம், சைக்கிள் என்னைவிடச் சுகம். நீயும் உன் மனைவியும் உன் முட்டியும் எப்படி இருக்கிறீர்கள்?

படுக்க இடம் கேட்பதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருக்கிறேன். முதலில் "இங்கே தங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாவம், "ஆகட்டும்" என்று சொல்ல அதிகாரம் இல்லை, "கூடாது" என்று சொல்ல மனசு இல்லை. பிறகுதான் வகுப்பறை ஞாபகம் வந்தது. "யாருக்குப் பதில் தெரியும்?" என்று கேட்டால் ஒரு கைகூட எழாது. "யாரைக் கேட்டால் தெரியும்?" என்று கேட்டுப் பார், எல்லா விரலும் பக்கத்து பெஞ்சைக் காட்டும். இப்போது, வெயில் சாய்வதற்குள் ஏதாவது குழாயடியில் இறங்கி, "டென்ட் போட இங்க யாரைக் கேக்கணும்?" என்கிறேன். நேற்று கேட்டதும் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு எனக்காக வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிக்கூட வராந்தா என்றாள் ஒருத்தி. அங்கே நாய் குட்டி போட்டிருக்கிறது, கடித்துக் குதறிவிடும் என்றாள் இன்னொருத்தி. உன் மாமியாரைவிடவா என்று மூன்றாவது ஒரு குரல். கடைசியில் நெல் காயவைக்கிற களம் கிடைத்தது. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்கள். போய்ச் சேர்ந்து வருஷமாகிறது என்றேன். பயமாக இல்லையா என்று கேட்டார்கள். சைக்கிள் பஞ்சர் ஆனால் மட்டும் பயம் என்றேன்.

இரவில் பருவம் தப்பிய மழை, கொட்டித் தீர்த்துவிட்டது. கூடாரத்துக்குள் ஒரு சொட்டு இல்லை. காலையில் களத்துக்காரர் வந்து உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, இதைத் தைத்தவன் வேலை தெரிந்தவன் என்றார். நூற்றுக்கு நூறு, தம்பி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 23

அக்காவுக்கு,

தம்பி எழுதுறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ உடம்பைப் பார்த்துக்கோ.

கூடாரம் ஒழுகலைன்னு எழுதியிருந்தே. சந்தோஷம். அப்போ என் வேலை முடிஞ்சது. மிஷினைத் துணி போட்டு மூடிட்டேன். பேக்கரிக்காரர் தன் மகனுக்கு சைக்கிள் வேணும்னு கேட்டார். என்னோடது சும்மாதானே நிக்குது, மாசம் பொறந்ததும் வந்து எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்.

முட்டி அப்படியேதான் இருக்கு. உச்சி வெயில்ல மிதிக்காதே.

இப்படிக்கு
தம்பி

*

இதைத் தபால் அலுவலகப் படியில் உட்கார்ந்து படித்தேன். கெட்டிக்கார மாணவனுக்கு நூற்றுக்கு நூறு போட்டால் அவன் அன்றைக்கே நோட்டை மூடி வைத்துவிடுவான். இத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்கு அது மறந்துபோய்விட்டது. அந்த வாரம் முழுவதும் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அதே படியில் உட்கார்ந்து கீழே உள்ளதை எழுதினேன்.

*

ஜனவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அடுப்புக்கரி மாதிரி கறுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அங்கே இருவரும் சௌக்கியம்தானே?

அவசரப்பட்டு மார்க் போட்டுவிட்டேன். அடுத்த மழையில் தலைமாட்டில் சொட்டியது. முதல் சொட்டு நெற்றியில். தள்ளிப் படுத்தேன், காதில். உன் கையைக் குறை சொல்லவில்லை. தையல் என்றால் ஊசி போன ஓட்டை இருக்கத்தானே செய்யும்? வழியில் எல்லோரும் மேலே ஒரு பாலிதீன் தாளைப் போட்டுக் கட்டிவிடுங்கள் என்கிறார்கள். கடையில் மஞ்சள் நிறத்தில் ஒன்று பார்த்தேன். வாங்கிப் போடட்டுமா?

உன் மனைவிக்கு என் அன்பு.

அக்கா

*

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நாங்க நலம். நீ நலமா? சரி, அது கிடக்கட்டும்.

பாலிதீன் போடாதே. யார் சொன்னாலும் போடாதே. என் அக்கா நான் தைச்ச கூடாரத்து மேல மஞ்சள் பாலிதீன் போட்டுக்கிட்டுப் போறான்னு ஒரு லாரிக்காரன் பார்த்தாப் போதும், என் பொழைப்பு சிரிப்பாச் சிரிச்சிடும்.

முதல்ல இதைச் சொல்லு. உள்பக்கம் தொட்டுப் பார்த்தியா? துணி முழுக்க ஈரமா, தையல் ஓரம் மட்டும் ஈரமா? முழுக்க ஈரம்னா அது மழை இல்லை, உன் மூச்சு. இந்தப் புழுக்கத்துல வாசல் துணியை இழுத்து மூடிட்டுப் படுத்தா, கொதிக்கிற சட்டிக்கு மூடி போட்ட மாதிரிதான். ஆவி மேல போய்த் திரும்பச் சொட்டும். தலைமாட்டுல வெச்சிருக்கிற வலை ஜன்னலை நாலு விரல் திறந்து வை. தையல் ஓரம் மட்டும்னா, கூடாரத்தை வெயில்ல விரிச்சு, துணி சுட்டதும் மெழுகுவர்த்தியைத் தையல் மேல அழுத்தித் தேய். நூல் மெழுகைக் குடிச்சிடும்.

அப்புறம், எங்க போடுறே? தென்னை மரத்தடியில போடாதே, நிழலை நம்பி மண்டையைக் கொடுக்காதே. காய்ஞ்ச ஓடையில மணல் மெத்தை மாதிரி இருக்கும், அங்கேயும் வேண்டாம். மேல எங்கயோ பெய்ஞ்சா ராத்திரி உன்னைக் கேட்காம தண்ணி வரும். தலையை மேட்டுப் பக்கம் வெச்சுப் படு. எறும்புப் புத்து இருக்கான்னு மூட்டை இறக்குறதுக்கு முன்னாடியே பாரு.

*(இந்த இடத்தில் ஒரு வரி பேனாவால் பலமாக அடிக்கப்பட்டிருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தும் என்னால் படிக்க முடியவில்லை.)*

பேக்கரிக்காரர் வந்தார். செயின்ல கொஞ்சம் வேலை இருக்கு, அப்புறம் பார்க்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த கடுதாசியில எல்லாத்துக்கும் பதில் எழுது. எதையும் விட்டுடாதே.

இப்படிக்கு
தம்பி

*

பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாம் நலம். உங்கள் இருவர் நலமும் எழுது, சும்மா "அது கிடக்கட்டும்" என்று எழுதாதே.

சட்டி, மூடி உதாரணம் பிரமாதம். முப்பது வருடம் முன்னால் தெரிந்திருந்தால் வகுப்பில் சொல்லியிருப்பேன். ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். மெழுகும் தேய்த்தாயிற்று.

நேற்று ஒரு செங்கல் சூளைக்காரர் வீட்டில் தங்கினேன். கூடாரத்தில்தான் படுப்பேன் என்று நான், விருந்தாளியை வெளியே படுக்க வைத்தால் ஊர் என்ன பேசும் என்று அவர் மனைவி. இழுபறி முற்றி, "அந்த டென்ட்டை வீட்டுக்குள்ளயே போடுங்க டீச்சர், நாங்களும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றாள். கூடத்தில் நாற்காலிகளை ஓரம் கட்டி, கயிறுகளை ஜன்னல் கம்பியிலும் பீரோ காலிலும் கட்டி நிறுத்தினோம். குடும்பமே முறைவைத்து உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தது. சூளைக்காரர் உள்ளே போனவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். எழுப்ப மனமில்லாமல் நான் அவர் கட்டிலில் படுத்தேன்.

ஒரே ஒரு சிக்கல். இப்போது இடப்பக்கத் தையல் பிரிகிறது. கீழிருந்து ஒரு சாண் வரைக்கும் வாயைத் திறந்திருக்கிறது. ஊசியை எந்தப் பக்கமிருந்து விடுவது, இரட்டை நூலா ஒற்றை நூலா, ஒன்றும் தெரியவில்லை. நீ சொல்லும் வரை கை வைக்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். இந்தத் தடவை நிஜமாவே விசாரிக்கிறேன், நீ நலமா?

இடப்பக்கத் தையலைப் பத்தி எழுதியிருந்தே. ரொம்ப நேரம் யோசிச்சேன். அது கொஞ்சம் விசேஷமான தையல். அதைப் பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாது. எதுக்கும் இருக்கட்டும்னு கனமான ஊசி ரெண்டும், மெழுகு போட்ட நூலும் பார்சல்ல அனுப்பியிருக்கேன். இரட்டை நூல்தான். ஊசியை உள்ளேயிருந்து வெளியே விடு. அந்தத் தையலைக் கண்டுபிடிச்சா தைச்சுக்கோ.

மிஷின் இறுக்கமா ஓடுது. எண்ணெய் தீர்ந்துபோச்சு, போய் வாங்கிட்டு வந்தேன். சூளைக்காரருக்கு என் வணக்கம் சொல்லு. கூடாரம் அவர் குறட்டையைத் தாங்கினதுல எனக்குப் பெருமை.

இப்படிக்கு
தம்பி

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் பாதத்தில் கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்தாதீர்கள், களிம்பு தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அவர் எழுத மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். எண்ணெய்க் கடை தெருமுனைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும். அவரே நடந்து போனார். நான் வேலையிலிருந்து வந்தபோது சட்டை முழுக்க வியர்வையோடு, எண்ணெய்ப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் எண்ணெய் இருக்கும்போதே மறுபடியும் எண்ணெய் வாங்கப் போனார். வீட்டில் இப்போது எண்ணெய்க்குக் குறைவில்லை.

இன்னொன்று. நீங்கள் எழுதிய அந்த இடப்பக்கத் தையல். கூடாரத்துக்கு இடப்பக்கம் தையலே இல்லையாம் அண்ணி. அகலமான துணியாக வாங்கி, இடப்பக்கத் தரையிலிருந்து உச்சி வழியாக வலப்பக்கம் வரை ஒரே துணியாக வெட்டினாராம். சேர்க்கிற தையல் வலப்பக்கம் மட்டும்தானாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "என் அக்காவுக்குப் பொய் சொல்லக்கூட ஒழுங்கா வரலை" என்று சொல்லிச் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டுப் பல மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். தொடர்ந்து எழுதுங்கள். என்ன பொய் வேண்டுமானாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி

*

வெட்கத்தில் என் காது சுட்டது. ஆனாலும் இன்னொரு பொய்யை நல்லதாக யோசித்துக்கொண்டே மிதித்தேன். எழுத வேண்டிய அவசியம் வரவில்லை.

*

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே படி. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

நான் இருப்பது காட்டுச் சாலை தொடங்குவதற்கு முந்தைய கடைசி ஊர். மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றுகிற ஒரு பெண்மணியின் பட்டறை முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தேன். மோட்டார்க்காரம்மா என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். நேற்று சாயங்காலம் நான் உள்ளே படுத்து உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பட்டறையிலிருந்து, "டீச்சர், டீ ஆறுது. அப்புறம் ஆறிப்போச்சுன்னு என்கிட்ட பாடம் நடத்தக் கூடாது" என்று கூப்பிட்டாள். எழுந்து போனேன். டம்ளரை வாங்கினேன். அப்போது காற்று அடித்தது. முற்றத்து மரத்திலிருந்து ஒரு பெரிய கிளை முறிந்து கூடாரத்தின் மேலே விழுந்தது.

தம்பி, இதுவரை எழுதியதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிடு. இது வேறு. கிளை விழுந்ததில் துணி உச்சியிலிருந்து இடப்பக்கம் கீழே வரைக்கும் கிழிந்துபோனது. வலப்பக்கத்தில் கிழிசல் உன் தையல் வரைக்கும் வந்து, அங்கே நின்றுவிட்டது. தையல் பிரியவில்லை. ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி இதனுடன் வைத்திருக்கிறேன். உன் கையே உனக்குச் சொல்லும்.

காட்டுச் சாலையில் மூன்று நாள் தூரத்துக்கு வீடு கிடையாது என்கிறார்கள். கூடாரம் இல்லாமல் போக முடியாது. கோடை மழையும் வாசலில் நிற்கிறது. ஏப்ரல் தொடக்கம் வரை இங்கே இருக்கிறேன். அந்த அம்மா நல்லவள். காயில் சுற்றும்போது சுற்றுகளை வாய்க்குள் எண்ணுவாள், நடுவில் நான் பேசினால் முறைப்பாள்.

உன் மனைவியின் களிம்பு நன்றாக வேலை செய்கிறது என்று சொல்.

அக்கா

*

இதற்குப் பதில் வரவில்லை. தினமும் தபால் அலுவலகத்துக்குப் போனேன். முதலில் அங்கே இருந்தவர் சிரித்தபடி உதட்டைப் பிதுக்கினார். பிறகு என்னைப் பார்த்ததும் அவசரமாக முத்திரை குத்தத் தொடங்கிவிடுவார்.

*

மார்ச் 31

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பயமுறுத்திவிட்டேனோ என்று நினைக்கிறேன். கிளையைப் பற்றி அப்படி விவரமாக எழுதியிருக்க வேண்டாம். மோட்டார்க்காரம்மா தன் போனை நீட்டினாள். "பேசிடுங்களேன், நீங்க தினம் வாசலையே பார்க்கிறதுல எனக்கு எண்ணிக்கை தப்புது" என்றாள். வேண்டாம் என்றேன். நீ "ம்" என்று சொல்லுவாய். அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வரும் ஞாயிற்றுக்கிழமைக் காலை பஸ்ஸில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறேன். இதில் யாருக்கும் வருத்தம் வேண்டாம். தெரியாத எத்தனையோ வீடுகளில் எனக்குத் தலையணை கிடைத்தது. அதுவே போதும்.

மனைவியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு நேர்ல பார்த்துத் தெரிஞ்சுக்கிறேன்.

இதை ஒரு பள்ளிக்கூட வராந்தாவுல உட்கார்ந்து எழுதுறேன். நீ அனுப்பின துணித் துண்டை மிஷின் மேல வெச்சு ரொம்ப நாள் பார்த்துக்கிட்டே இருந்தேன். எழுத வரலை. அந்தக் கிளை உன் மேல விழலை. அந்த லாரியும் என் மேல ஏறலை. இத்தனை நாள் நான் அதை வேற மாதிரி கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்.

மலைத் திருப்பம் வரைக்கும் பஸ். சைக்கிளை மேல கட்டினோம். அதுக்கப்புறம் மிதிச்சுட்டு வர்றேன். பின்னாடி லாரிச் சத்தம் கேட்டா இறங்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நின்னுடுறேன். போனதும் ஏறுறேன். நேத்து மிதிச்ச நேரத்தைவிட நின்ன நேரம் அதிகம். ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, "அண்ணே, ஏதாவது தொலைஞ்சுபோச்சா?" ன்னு கேட்டார். கிடைச்சிடும்னு சொன்னேன்.

உன் சூத்திரம் எனக்கு வரலைக்கா. குழாயடியில போய் நின்னேன். யாரைக் கேக்கணும்னு கேட்கத்தான் வாயைத் திறந்தேன், வேற வந்துடுச்சு. "இங்க யாருக்காவது தார்ப்பாய் கிழிஞ்சிருக்கா?" ன்னு கேட்டுட்டேன். ஊரே கிழிஞ்சதைத் தூக்கிட்டு வந்துடுச்சு. தார்ப்பாய், குடை, சாக்கு, ஒரு ஆளோட செருப்பு. இருட்டுற வரைக்கும் தைச்சேன். வராந்தாவும் கொடுத்து, சாப்பாடும் கொடுத்து, நாளைக்கும் இருங்கன்னு சொல்றாங்க. முடியாது, அவசரமா ஒரு தையல் பார்க்கணும்னு சொல்லியிருக்கேன்.

அதே துணியில மிச்சம் இருந்ததை எடுத்துட்டு வர்றேன். அங்கேயே இரு.

இப்படிக்கு
தம்பி

*

"அங்கேயே இரு" என்ற கடிதம் என் கைக்கு வந்தது திங்கட்கிழமை. நான் பஸ் ஏற இருந்தது ஞாயிற்றுக்கிழமை.

*

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே இருவரும் நலம். ஆமாம், இருவரும். என் மார்ச் மாதக் கடைசிக் கடிதம் உன் கைக்குத்தான் வந்திருக்கும், அதைப் படித்து நீ தவித்திருப்பாய். அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தது. என் சைக்கிளை மேலே ஏற்றிக் கட்டினார்கள். கூடார மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். மோட்டார்க்காரம்மா கீழே நின்று, போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடச் சொன்னாள். அப்போதுதான் சாலையின் அந்தக் கோடியில் ஒரு ஆள் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பது தெரிந்தது. ஒரு லாரி அவனைத் தாண்டி எங்களைத் தாண்டிப் போனது. ஆள் மறுபடி ஏறினான். அந்த வலது கால் கொஞ்சம் வெளியே விலகி மிதிப்பதை நான் எங்கே பார்த்தாலும் கண்டுகொள்வேன்.

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நான் இறங்கவில்லை, கத்தவும் இல்லை. நிஜத்தைச் சொல்கிறேன், மடியிலிருந்த மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் பஸ்ஸுக்கு முன்னால் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினான். தெருமுனையைத் தாண்டாமல் கிடந்த அந்த மனுஷன், டிரைவரையும் கண்டக்டரையும் பஸ் நிறைந்த ஜனங்களையும் நிமிர்ந்து பார்த்து, மூச்சு வாங்க, "மேல கட்டியிருக்கிற சைக்கிளை இறக்குங்க" என்றான். கண்டக்டர் சத்தம் போட்டார். இறக்கினார்கள்.

என்னிடம் நலம் விசாரிக்கவில்லை. மூட்டையை வாங்கி, பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் கூடாரத்தை விரித்தான். ஒரு ஓரம் தொடங்கி மறு ஓரம் வரை விரலால் தடவிக்கொண்டே போனான்.

"இடப்பக்கத் தையல் எங்கக்கா? காட்டு."

"பஸ் போகட்டும்டா," என்றேன். "இத்தனை பேர் முன்னாடி டீச்சர் மானத்தை வாங்காதே."

நாங்கள் சிரித்ததற்குக் காரணம் தெரியாமலே மோட்டார்க்காரம்மாவும் சிரித்தாள்.

பட்டறையிலேயே உட்கார்ந்து தைத்து முடித்துவிட்டான். புதுத் துணி கொஞ்சம் வேறு நிறம், வானத்தில் மேகம் மாதிரி தெரிகிறது. உச்சியில் இரட்டைத் தையல் போட்டு மெழுகு தேய்த்திருக்கிறான். அந்த அம்மா காயில் சுற்றுகிற மேஜையின் ஒரு மூலையை அவனுக்கு ஒதுக்கினாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை, வேலை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான்தான் இருவர் நடுவில் உபரி.

நேற்று கூடாரத்தை முற்றத்தில் நிறுத்தி, மேலே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். தம்பி உள்ளே உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகியும் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். எதுவும் ஒழுகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் வாசல் துணியைத் திரும்ப மூடிவிட்டு, இன்னொரு குடம் ஊற்றச் சொன்னேன்.

நாளைக் காலை காட்டுச் சாலைக்குள் போகிறோம். லாரி வந்தால் அவன் இறங்கி நிற்பான், நானும் இறங்கி நிற்பேன். கலங்கரை விளக்கம் எங்கேயும் ஓடிப்போய்விடாது. அதற்கு அப்புறம் எழுதுகிறோம். கீழே அவனும் ஏதோ எழுதவேண்டுமாம், பேனாவைப் பிடுங்குகிறான்.

அன்புடன்,
அண்ணி

நான் நல்லா இருக்கேன். பேக்கரிக்காரர் வந்தா, சைக்கிள் ஊர்ல இல்லைன்னு சொல்லு.

*

மாணவிக்குப் பதில் கிடைத்திருக்கும்: பொழுது சாய்ந்தால் படுக்க இடம் கிடைக்கும், யாரைக் கேட்பது என்று கேட்டால் போதும். தார்ப்பாய் தைக்கத் தெரிந்தால் சாப்பாடும் கிடைக்கும்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் தெருமுனையைத் தாண்டாமல் ஒருவர் இருக்கலாம். நானும் முதலில் அவனை வா, வா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது காதோடு நின்றுவிட்டது. நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள்: அவர் கைக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றில் உங்களுக்கு உண்மையாகவே இருக்கிற ஒரு சிக்கலை, இன்றைக்கே ஒரு தாளில் எழுதி அவருக்குத் தபாலில் போடுங்கள்.